மைக்ரான் மாணிக்கம் நான் அல்ல

'ஆலை முரசு' காலாண்டிதழின் ஆசிரியரும் மனிதவளப் பிரிவு அலுவலருமான செல்வி சுசித்ரா அவர்களின் மேலான பார்வைக்கு, இறுதிப் பரிசோதனைப் பிரிவின் முதுநிலை ஆய்வாளர் கா. முத்துமணி வணக்கம் கூறி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமாக இருந்தது. தங்கள் இதழின் ஏழாம் பக்கம் கைக்கு வந்த பிறகு அந்த விருப்பத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தரக்கட்டுப்பாட்டு மாத விழாவின் நாடகப் போட்டியில் 'மைக்ரான் மாணிக்கம்' என்ற நாடகத்துக்கு முதல் பரிசு கொடுத்திருக்கிறீர்கள். எழுதியவன் என் பிரிவிலேயே என் பக்கத்து மேசையில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கும் பாகலூர் ஆனந்தராஜ். மாணிக்கமாக நடித்தவன் பேக்கிங் பிரிவு வெங்கடப்பன். அதோடு விட்டீர்களா? வெங்கடப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டு, அடியில் 'நமக்கெல்லாம் தெரிந்த மாணிக்கம்!' என்று ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்கள். யாருக்குத் தெரிந்த மாணிக்கம் என்று கேட்கிறேன். அந்த ஆச்சரியக்குறிக்கு என்ன அர்த்தம் என்றும் கேட்கிறேன். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி, 'மாணிக்கம் என்பவர் முழுக்க முழுக்கக் கற்பனை, அவருக்கும் கா. முத்துமணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று மறுப்பு வெளியிட வேண்டும். இந்த விஷயத்தில் நான் மனம் புண்பட்டிருப்பதை இதுவரை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. ஷிப்ட் கூட்டத்திலும் கம்பெனி பஸ்ஸிலும் கேன்டீனிலும் மட்டும்தான் சொன்னேன்.

விழாவன்று விருந்தினர்களுக்குச் சால்வை எடுத்துக் கொடுக்கும் வேலையில் தாங்கள் இருந்ததால் நாடகத்தை முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். நானே சொல்கிறேன். மாணிக்கம் ஒரு ஆலையில் முப்பது வருடம் சர்வீஸ் போட்ட ஆய்வாளன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம், "உங்க வயசுல நான் விரலால தடவியே மைக்ரான் சொல்லுவேன்டா" என்பான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை. ஆனால் அவனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்து தெரியாது. கண்ணாடி போடவும் மாட்டான். அதனால் யார் அளவெடுக்க வந்தாலும் மைக்ரோமீட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்து, "நீ படி, உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன்" என்று மிரட்டி விஷயத்தைத் தெரிந்துகொள்வான். வரைபடத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "கிட்டப் பாத்தா கோடுதான் தெரியும், எட்டப் பாத்தாத்தான் டிசைன் தெரியும்" என்பான். போனில் என்ன செய்தி வந்தாலும் படிக்காமல் கட்டைவிரலை உயர்த்தி அனுப்புவான். வருடாந்திரக் கண் பரிசோதனையில் படிக்கக் கொடுக்கும், வாழையைப் பற்றிய பத்தி அச்சிட்ட அட்டையை மனப்பாடம் செய்து வைத்திருப்பான். நர்ஸ் அட்டையின் வெறும் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாலும், "வாழை ஒரு முக்கியப் பணப்பயிர்" என்று கண்ணை மூடாத குறையாக ஒப்பிப்பான். இந்த இடத்தில் சாமியானாவே குலுங்கியது. குடும்பத்தோடு வரலாம் என்று அழைத்திருந்தீர்களே, என் மனைவி ராஜாத்திக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது.

இப்போது ஒவ்வொன்றாக மறுக்கிறேன். முதலாவது, வாய்விட்டுப் படிக்கும் முறை. என் பிரிவில் அளவுகளைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார்கள். போன வருடம் தணிக்கைக்கு வந்த அதிகாரி அதைக் கேட்டு அசந்துபோய், 'வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் முறை மற்ற பிரிவுகளும் பின்பற்றத்தக்கது' என்று அறிக்கையில் எழுதினார். அதற்காக எனக்குக் கேடயம் கொடுத்ததைத் தங்கள் இதழே படத்தோடு வெளியிட்டது. கேடயம் வாங்கிய முறையைக் கேலி செய்வது நிர்வாகத்தையே கேலி செய்வது இல்லையா? இரண்டாவது, வரைபடத்தை நான் தள்ளிப் பிடிப்பது உண்மை. என் கை நீளம். எங்கள் அருப்புக்கோட்டைக் குடும்பத்தில் எல்லாருக்குமே கை நீளம். மூன்றாவது, கட்டைவிரல். கேன்டீன் நாராயணம்மாவின் மாமியார் இறந்த செய்திக்கு நான் கட்டைவிரலை உயர்த்தியது வாஸ்தவம். பார்த்துக்கொண்டேன் என்று அதற்குப் பொருள். மறுநாள் அந்த அம்மாள் எனக்கு மட்டும் ஒரு வடை கூடுதலாக வைத்தார் என்பது வேறு விஷயம். 'ஞாயிற்றுக்கிழமை யார் யார் வேலைக்கு வர முடியும்?' என்ற செய்திக்கும் கட்டைவிரல் போய், தொடர்ந்து மூன்று ஞாயிறு வேலைக்கு வந்து, காவேரிப்பட்டினத்தில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகாமல், அந்தக் குடும்பம் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறதே, அது கடமை உணர்ச்சி. நான்காவது, அட்டை. ஐந்து வருடமாக ஒரே அட்டையை ஒருவன் முன்னால் நீட்டினால் அது மனதில் பதியாமல் என்ன செய்யும்? ஞாபகசக்தி இருப்பது குற்றமா? நர்ஸ் என்னிடம் பின்பக்கத்தைக் காட்டியதே கிடையாது. ஒரே ஒரு தடவை காட்டினார். அதுவும் தெரியாமல்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். கடைசிக் காட்சியை மன்னிக்க மாட்டேன். ஷிப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகு மாணிக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, "கண்ணாடி போட்டா என் நாற்காலி போயிடும்" என்று தனியாக அழுகிறான். ராஜாத்தி சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம் அம்மா, பெண்டாட்டியின் அந்தப் பார்வையைத் தாங்க முடியாது.

மாணிக்கத்துக்குப் பயமாம். எதற்குப் பயம் என்று இந்த ஆனந்தராஜுக்குத் தெரியுமா? அவன் பாகலூரில் அரை டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் என் நாற்காலியில் பெரியதம்பி என்று ஒருவர் இருந்தார். கை தேர்ந்த ஆள். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கூட்டத்தில், "பெரியதம்பி அண்ணனுக்கு இனிமே பீஸ் பெருசாத் தெரியும், ரிஜெக்சன் ஜாஸ்தியாகும்" என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். இரண்டு மாதத்தில் அவரை ஸ்டோருக்கு மாற்றி, கையுறையும் கழிவுத்துணியும் எண்ணிக் கொடுக்கும் வேலையில் போட்டார்கள். நாற்காலி அந்தப் பேச்சைப் பேசியவனுக்கு வந்தது. அவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் அவர் கையால்தான் நான் கையுறை வாங்கினேன். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி, இதற்கும் நாடகத்துக்கும் சம்பந்தமில்லை. எழுத வந்ததால் வந்துவிட்டது.

நாடகம் நடந்த மறுநாள் திங்கட்கிழமை. காலையிலேயே என் பிரிவைக் கூட்டி, "இன்னையிலருந்து எவனும் எனக்கு வாய்விட்டுப் படிக்க வேண்டாம். அளவை நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அன்று அறுநூறு ஷாஃப்ட் சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டும். லாரி வந்து வாசலில் நிற்கிறது. நானே மைக்ரோமீட்டரை எடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், டியூப்லைட்டுக்குக் கீழே போய்ப் பார்த்தேன், கொஞ்சம் கண்ணைச் சுருக்கியும் பார்த்தேன். அளவு ஐந்து மைக்ரான் கூடுதல். இன்னொன்றை எடுத்தேன், அதுவும் கூடுதல். விடுவேனா? அறுநூறுக்கும் 'ஏற்க முடியாது' என்ற சிவப்பு அட்டை கட்டிவிட்டேன். லைன் நின்றது, லாரி நின்றது, லாரிக்காரர் இறங்கி வந்து தெலுங்கில் ஏதோ சொன்னார், அது வணக்கம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. உற்பத்தி மேலாளர் ராஜேஷ்குமார் ஓடிவந்து இன்னொரு கருவியை வைத்து அளக்கச் சொன்னார். அறுநூறும் சரியான அளவு.

"யாரு ரெட் டேக் போட்டது?" என்றார் மேலாளர். நான் வாயைத் திறப்பதற்குள் ஆனந்தராஜ் முந்திக்கொண்டான். "மைக்ரோமீட்டர்ல ஜீரோ செட்டிங் வுட்டுப்போச்சு சார். காலைல நான்தான் செட் பண்ணேன். தப்பு என்னுதுதான்." அவனுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். அதன் நகல் தங்கள் பிரிவிலேயே இருக்கும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினேன்.

"எதுக்குடா பொய் சொன்ன? நான் கேட்டனா?"

"கேக்கல சார்."

"பின்ன?"

"ஆறு வருசமா சத்தம் போட்டுப் படிக்கிறோமே, அது மட்டும் நீங்க கேட்டா பண்ணோம்? நீங்க 'நீ படி'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே படிச்சிடணும்னு புதுசா வர்றவங்களுக்கெல்லாம் மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம் சார். உங்களக் கேக்க வுடக்கூடாதுன்னு."

"அப்புறம் எதுக்குடா நாடகம் போட்டு என்னை நாறடிச்ச?"

"மாசக் கடைசி வெள்ளிக்கெழம கண் டெஸ்ட்டுக்குப் புது அட்டை வருதாம் சார். நர்ஸம்மா சொன்னாங்க. அதப் படிக்க முடியலன்னா உங்கள ஸ்டோருக்கு மாத்திருவாங்க. கண்ணாடி போட்டுப் படிச்சா ஒண்ணும் பண்ண மாட்டாங்க, இப்ப ரூல் அப்படித்தான். இத நேராச் சொன்னா நீங்க கேப்பீங்களா?"

பாருங்கள் அம்மா அநியாயத்தை! ஒரு பிரிவே சேர்ந்துகொண்டு, பிரிவின் தலைவனுக்குத் தெரியாமல், ஆறு வருடமாக அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. என்னுடைய அனுமதி வாங்கினார்களா? எந்த நடைமுறைக் கையேட்டில் இது இருக்கிறது? என் முறை என்று நான் கேடயம் வாங்கினேனே, அது அவர்களுடைய இரக்கம் என்று இப்போது சொன்னால் அந்தக் கேடயத்தை நான் வீட்டில் எந்த முகத்தோடு பார்ப்பேன்? அன்று வீட்டுக்குப் போனதும் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அவமானமா வேறு எதுவுமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுப்புக் கடிதம் எழுதப் போகிறேன் என்று ராஜாத்தியிடம் சொன்னதற்கு, "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்ன கதையாத்தான் இருக்கும், எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

ஆகவே ஒன்று, மறுப்பு. இரண்டு, அந்த ஆச்சரியக்குறிக்குத் தனியாக வருத்தம். மூன்று, ஆனந்தராஜுக்குக் கொடுத்த எச்சரிக்கையை ரத்து செய்து அதை என் பெயருக்கு மாற்ற வேண்டும்; என் பிரிவில் நடக்கும் தவறுக்கு வேறு ஒருவன் உரிமை கொண்டாட முடியாது. தங்களுக்கும் தங்கள் பெற்றோருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். சீக்கிரம் நல்ல இடத்தில் வரன் அமையட்டும், அவர் எந்த ஆலையிலும் நாடகம் எழுதாதவராக இருக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
புண்பட்ட மனதுடன்,
கா. முத்துமணி

பி.கு: எழுதியதை ஒருமுறை சரிபார்த்து அனுப்பலாம் என்று பார்த்தால் என் கையெழுத்தே எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஆனந்தராஜைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பெரியதம்பி இடம் வந்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "சத்தமாப் படிடா" என்று அதட்டினேன். படித்து முடித்து வண்டியை எடுத்தான், ஏறு என்றுகூடச் சொல்லவில்லை, ஏறினேன். கண்ணாடிக்கு அளவு கொடுத்தாயிற்று. புதன்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை அட்டையில் வாழை இருந்தாலும் சரி, தென்னை இருந்தாலும் சரி.

திரும்பி வரும் வழியில் அவன் ஒரு செய்தி சொன்னான். 'மாணிக்கம் நான் அல்ல' என்று தங்கள் மேசைக்கு ஏற்கெனவே நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றனவாமே? ஸ்டோர் பாஸ்கரன், செக்யூரிட்டி அதிகாரி, கேன்டீன் ஒப்பந்தக்காரர், போதாக்குறைக்கு மேலாளர் ராஜேஷ்குமாருமா? இது என்ன அக்கிரமம்! ராஜேஷ்குமாருக்கு நாற்பத்தொரு வயது, அவருக்குக் கண்ணில் என்ன குறை? பாஸ்கரனுக்கு மைக்ரான் என்றால் அரிசி மூட்டையா அண்டாவா என்று தெரியாது. ஐந்து வருடம் வாழையை மனப்பாடம் செய்தது யார்? அறுநூறு ஷாஃப்ட்டுக்குச் சிவப்பு அட்டை கட்டியது யார்? இந்த ஆலையில் மாணிக்கம் என்று ஒருவன் உண்டு என்றால் அது நான்தான், நான் மட்டும்தான். ஆதாரங்கள் மேலே விவரமாக இருக்கின்றன. எனவே மறுப்பு வேண்டாம். இதையே கட்டம் கட்டிப் போடவும். கூடவே என் படமும் போடுவதாக இருந்தால், தயவுசெய்து செவ்வாய்க்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும். புதன்கிழமை கண்ணாடி வந்துவிடும்.