சகலையைத் திருடனாக்கிய விசில்

நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் போலீசுக்கு உதவி செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு, தயவுசெய்து உதவ வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் தெலுங்கு மாநிலத் தலைநகரின் ஹப்சிகுடாவில் ஒரு சின்னக் காலனியில் குடியிருந்தோம். எனக்கு பாலாநகரில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஜூனியர் இன்ஜினியர் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம். பொதுத்துறையில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு உலகத்தில் தீராத பிரச்சினை என்று எதுவும் இருக்காது. ஒரு சுற்றறிக்கை அடித்து, கார்பன் வைத்து மூன்று நகல் எடுத்துவிட்டால் பூகம்பம்கூடப் பயந்து நின்றுவிடும் என்று நினைப்பான். நான் நான்கு நகல் எடுக்கிற ரகம்.

அந்தக் கோடையில் காலனி வீடுகளின் முற்றத்துப் பித்தளைக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். விடிகாலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். குழாயைத் திருகிக்கொண்டு போய்விட்டால் மொத்தத் தண்ணீரும் சாக்கடைக்குப் போகும். அன்றைக்கு அந்த வீட்டில் குளியல் கிடையாது, சோறு தாமதம், புருஷன் பெண்டாட்டி சண்டை நிச்சயம்.

காலனிக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர் (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை). ஸ்டேஷனுக்குப் போய் சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம். தெலுங்குக்காரர். சித்தூர்ப் பக்கம் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஒரு தெருவுக்கு ஒரு போலீஸ் போட எங்கிட்ட ஆள் இல்ல சார். நீங்களே சேர்ந்து ஒரு காவல் ஏற்பாடு பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன். ஒழுங்கா இருந்தா தினம் ரெண்டு வேளை கான்ஸ்டபிள் அனுப்பறேன்.”

அன்று சாயங்காலமே சுற்றறிக்கை தயார். வீட்டுக்கு ஒரு விசில். நீளமாக ஒன்று அடித்தால் திருடன். இரண்டு அடித்தால் பாம்பு. குட்டிக் குட்டியாகப் பல தடவை அடித்தால் தண்ணீர் லாரி வந்துவிட்டது.

“பாம்பு வந்தா எண்ணி எண்ணி விசில் அடிச்சுக்கிட்டு நிப்பீங்களா, இல்ல ஓடுவீங்களா?” என்று கேட்டாள் என் மனைவி வசந்தா. தொழில்நுட்ப அறிவு இல்லாதவர்களின் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அதே சுற்றறிக்கையில் இன்னும் இரண்டு வரிகள் எழுதியிருந்தேன். ஒன்று, காலனிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் பஸ்தி என்கிற குடிசைப் பகுதி ஆட்களின் நடமாட்டத்தைக் கவனிக்க வேண்டும் என்பது. (ஆதாரமா? அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், வேறென்ன வேண்டும்?) இன்னொன்று, குழாயைப் பறிகொடுத்தவர்கள் அணுக வேண்டிய, சொன்ன நேரத்துக்கு வரும், மிகவும் நம்பகமான பிளம்பரின் பெயர். அதை அடிக்கோடிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். அந்த வாரம் மதுரையிலிருந்து என் சகலை சிதம்பரம் அண்ணன் வந்திருந்தார். வசந்தாவின் அக்கா வீட்டுக்காரர், வங்கி அதிகாரி, கல்லூரி நாடகங்களில் நடித்தவர். எங்கள் வீட்டுக்கு அதுதான் முதல் வருகை.

“திருடன்னா சும்மா வர முடியாது தம்பி, அதுக்கு ஒரு உடல்மொழி வேணும்” என்றார். கட்டம் போட்ட லுங்கி கட்டி, முகத்தில் அடுப்புக்கரி பூசிக்கொண்டார். தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டு முற்றத்துக் குழாயையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குத் தெலுங்கு, இந்தி எதுவும் தெரியாது. ஊர்ப் பேச்சில் இரண்டே சொற்கள் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’.

பத்து மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் வந்து மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சிதம்பரம் அண்ணன் சந்திலிருந்து பதுங்கிப் பதுங்கி வெளியே வந்து, ஓட ஆரம்பித்தார். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவரைத் துரத்தினேன்.

இங்கேதான் பொறியியல் காலை வாரியது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஊதியபோது ஒரே நீள விசிலாக அழகாக வந்தது. ஓடிக்கொண்டே ஊதினால் ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வெட்டும் என்று நான் கணக்கிடவில்லை. பீ. பீ. பீ. பீ. பீ.

காலனி முழுவதும் கதவுகள் திறந்தன. கட்டுப்பாடு என்றால் அதுதான் கட்டுப்பாடு! சுற்றறிக்கையில் சொன்னபடி ஒரு வீடு பாக்கியில்லாமல் வாளி, குடம், அண்டாவோடு ஓடிவந்தார்கள். தடியோடு தயாராக நிற்க வேண்டிய ஆண்கள் தடியைப் போட்டுவிட்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டார்கள். திருடன் அவர்கள் நடுவில் புகுந்து ஓடினான். ஒரு மாமி, “வரிசையில நில்லுப்பா!” என்று அவனை அதட்டினார். லாரி எங்கே, லாரி எங்கே என்று எல்லோரும் சப் இன்ஸ்பெக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அவர் குடங்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி என்னிடம் கேட்டார்: “ஏமண்டி, தொங்க வச்சாடா, நீள்ளு வச்சாயா?” (திருடன் வந்தானா, தண்ணீர் வந்ததா?)

இதற்குள் சிதம்பரம் அண்ணனுக்கு ஒரு சங்கடம். பிடிக்க யாரும் வரவில்லை. பாத்திரத்தை விட்டு வெளியே வரவும் மனமில்லை. சுவரேறிக் குதித்துவிட்டார்.

குதித்த இடம் யாதம்மாவின் மாட்டுக்கொட்டில். யாதம்மா பஸ்தியில் எருமைப்பால் விற்பவர். ஓங்கி நின்றால் எருமையே ஒதுங்கும். கரி பூசிய முகத்தோடு வந்து விழுந்த ஆளை அவர் எழுந்திருக்கவே விடவில்லை. அடுத்து நடந்த விசாரணையை அவரே பிற்பாடு எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

“சோர் ஹை க்யா?” (திருடனா நீ?)

“ஹவ்.”

“நல் சுராயா க்யா?” (குழாய் திருடினியா?)

“ஹவ், ஹவ்.”

“சோட்னா க்யா?” (விட்டுவிடட்டுமா?)

“நக்கோ! நக்கோ!”

இவ்வளவு நேர்மையான திருடனை யாதம்மா பார்த்ததே இல்லை. எருமைக் கயிற்றால் கம்பத்தோடு கட்டிவிட்டுக் கூச்சல் போட்டார். பஸ்தியே கூடி “தொங்க! தொங்க!” என்று கத்தியது. தெலுங்கில் தொங்க என்றால் திருடன். அது நமக்குத் தெரியும். கையில் கயிறு வைத்திருக்கும் கூட்டம் ‘தொங்க, தொங்க’ என்று கத்தினால் ஒரு மதுரைக்காரர் என்ன நினைப்பார்? அவர் குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். சப் இன்ஸ்பெக்டர் முன்னால், பின்னால் நான், அதற்குப் பின்னால் வாளிகளோடு மொத்தக் காலனியும்.

“ஏங்க! அத்தானைக் கட்டி வெச்சிருக்காங்க!” என்று வசந்தா அலறினாள்.

இது ஒத்திகை என்று நான் மூன்று மொழிகளில் விளக்கினேன். யாதம்மா கேட்கவில்லை. பையிலிருந்து எங்கள் குழாயை எடுத்து, அதன் அடியில் ஆணியால் கீறியிருந்த ஒரு பெருக்கல் குறியைக் காட்டினார். “இது என் வீட்டுக் குழாய். போன மாசம் திருடு போச்சு. எங்க பக்கமும் ஏழு குழாய் போயிருக்கு.” (அவர்கள் நாங்கள்தான் திருடுகிறோம் என்று நினைத்திருந்தார்களாம்.)

சப் இன்ஸ்பெக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “இது உங்க வீட்டுக் குழாய்னு சொன்னீங்களே சார்?”

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் காவல் கமிட்டிச் செயலாளராக இருந்தவன், திருட்டுச் சாமான் வைத்திருப்பவனாகிவிட்டேன். வேலை போய்விடும், வசந்தா ஊருக்குப் போய்விடுவாள் என்றெல்லாம் ஓடியது. “எங்க குழாய் திருடு போனப்புறம்... பிளம்பர்தான் இதை மாட்டினார்” என்று முனகினேன்.

“எந்தப் பிளம்பர்?”

பெயரைச் சொன்னேன். யாதம்மா கையைத் தட்டினார். “எங்களுக்கும் அவன்தானே வந்து மாட்டுறான்!” காலனிப் பெண்களும் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். எல்லோர் வீட்டிலும் அவன்தான். இங்கே கழற்றி அங்கே மாட்டுவது, அங்கே கழற்றி இங்கே மாட்டுவது. சொன்ன நேரத்துக்கு ஏன் வர மாட்டான்? இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளவே மாட்டோம் என்ற நம்பிக்கையில் நிம்மதியாகத் தொழில் செய்திருக்கிறான்.

சாயங்காலத்துக்குள் ஒரு சாக்குக் குழாயோடு பிடிபட்டான். அடிக்கோடிட்ட என் சுற்றறிக்கையையும் அவன் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தானாம், புது வாடிக்கையாளர்களிடம் காட்டுவதற்கு.

அடுத்த மாதம் சுவரில் ஒரு கதவு வைத்தோம். காவல் கமிட்டியில் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்தார்கள். தலைவர் யாதம்மா. கான்ஸ்டபிளும் வர ஆரம்பித்தார். பஸ்தியைப் பற்றி எழுதிய அந்த வரிக்காக நான் யாதம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என் விசிலை வாங்கி வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை.

சிதம்பரம் அண்ணன் மட்டும் யாரோடும் பேசாமல் ஒத்திகை நடந்த அன்றே ரயிலேறிவிட்டார். மூன்று வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. என் மகள் காதுகுத்துக்குத்தான் வந்தார். ரயிலிலிருந்து இறங்கியதும் பெட்டியை என்னிடம் கொடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்டு, முத்திரை குத்தியிருந்தார்: ‘இவரைப் பத்து ஆண்டுகளாக அறிவேன். இவர் திருடர் அல்லர்.’

பிளாட்பாரத்திலேயே இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். போர்ட்டர் பயந்துவிட்டார்.

அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் பெண் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் அவரை உள்ளே விடுவாள். அவருடைய சதாபிஷேகத்தின்போது ஆசீர்வாதம் வாங்க நானும் வசந்தாவும் மணைக்கு முன்னால் போய் நின்றோம். குனியப் போனவனை அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மடியிலிருந்து அதை எடுத்தார். பேரன் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தான்.

“படிச்சுப் பாத்துட்டு விழு தம்பி” என்றார். “திருடன் கால்ல விழுந்துட்டேன்னு நாளைக்கு ஒரு சுற்றறிக்கை விட்டுடுவ.”