வீடு பார்க்க வந்தவர்கள்

ஈப்போ,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி பஞ்சலிங்கத்துக்கு,

கல்லுமலை முருகன் அருளால் தஞ்சோங் மாலிமில் நீயும் மகள் கிருஷாந்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் கான்வென்டில் சிஸ்டர்மார் எனக்குப் பொய் எழுதக் கற்றுத்தரவில்லை.

இந்த வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொன்னாய். "ஈப்போ செத்த ஊர் அக்கா, கடையெல்லாம் பூட்டிக் கிடக்கு, இப்ப விக்காட்டில் பிறகு கறையான்தான் வாங்கும்" என்றாய். கூரை ஒழுகுகிறது. உன் அத்தானுடைய பென்ஷன் வாளி வாங்கத்தான் காணும். அழுது முடித்துவிட்டுச் சம்மதித்தேன். தரகர் சுரேனிடம் சொன்னேன். "ஆள அனுப்பி வைக்கிறேன் ஆண்ட்டி, நீங்க வீட்ட மட்டும் தொறந்து வைங்க" என்றான். திறந்து வைத்தேன். அங்கேதான் என் அழிவு ஆரம்பம்.

மறுநாள் காலையிலேயே சிங்கப்பூரிலிருந்து ஒரு சீனத் தம்பதி வந்தார்கள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். படியேறி வந்தவர்கள் வாய் நனைக்கும் முன்பு வந்த காரியத்தைக் கேட்பதில்லை. விலையை நாமாக எடுத்துப் பேசுவதும் நல்ல பழக்கமில்லை. ஆகவே கை கழுவச் சொல்லி, உட்கார வைத்து, தேத்தண்ணியும் தட்டை வடையும் வைத்தேன். அவர்கள் தரை ஓடுகளைப் படம் எடுத்தார்கள், ஜன்னல் கொக்கியைப் படம் எடுத்தார்கள், குளியலறை எங்கே என்று கேட்டார்கள். கவனமாக வாங்குகிறவர்கள் என்று மனம் குளிர்ந்தது. "அருமை, அருமை" என்றார்கள். வீட்டைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். போன பிறகு பார்த்தால் கோப்பைக்குக் கீழே காசு! முன்பணத்தை இப்படியா கொடுப்பது? வெளிக்கதவு வரை ஓடிப்போய்க் கையில் திணித்து, "முதலில் முடிவு செய்யுங்கள், காசு பிறகு" என்று இங்கிலீஷில் கண்டித்து அனுப்பினேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் ஃபோனில் உலகத்துக்கே எழுதிவிடுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதன் பிறகு வெள்ளம்தான். ஒரு மனிதர் உட்காரும்போதே "தே ஓ, குராங் மானிஸ்" என்றார், பாலில்லாத தேத்தண்ணி, சீனியும் குறைவாக என்றால் பாவம் நீரிழிவுதான் என்று உன் அத்தானுக்குக் கால்விரல் எடுத்த கதையை முழுவதும் சொன்னேன், அவர் வடையைப் பாதியில் வைத்துவிட்டார். உன் ஊர் யூனிவர்சிட்டியிலிருந்து எட்டுப் பெண்பிள்ளைகள் வந்தார்கள், காலம் இவ்வளவு கெட்டுப் போச்சா, எட்டுப் பேர் சேர்ந்தா ஒரு வீடு வாங்க வேண்டும் என்று எனக்கு நெஞ்சு பதறியது, அதில் ஒருத்தி அத்தானுடைய சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, மாலை போட்ட அவருடைய படத்தோடு செல்ஃபி எடுக்க, "காலை இறக்கு, முதுகை நிமிர்த்து!" என்று அதட்டினேன், எட்டுப் பேரும் கைதட்டினார்கள், அடுத்த வாரம் தாய்மாரையும் கூட்டிவந்து அதையே இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். கோப்பைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, காசைத் திருப்பிக் கொடுக்க வெளிக்கதவுக்கு ஓடியே என் முழங்கால் போய்விட்டது. வாளிக்கு இருந்த பென்ஷன் உளுந்தாகக் கரைந்தது. வீட்டை வாங்கத்தான் ஒருவரும் இல்லை. பத்திரிகைக்காரன் வேறு, நாடே மந்தத்தில் படுத்திருக்க ஈப்போ மட்டும் சுற்றுலாவால் எழும்பி நிற்கிறது என்று எழுதுகிறான். எழும்பி நிற்கிற ஊரில் என் ஒரு வீடு விலைபோகவில்லையே தம்பி! அதில் என்ன குறை கண்டார்கள் என்று நேற்று வரை புலம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று சுரேன் வந்தான், சிம்பாங் பூலாய் லாரி முதலாளி ஒருவரோடு. விறாந்தையில் கால்வைக்க இடமில்லை. வெளியே தெருவில் வரிசை.

"என்னா ஆண்ட்டி, கல்யாணமா? யாரு இவங்கல்லாம்?"

"என்ன சுரேன், பகிடியோ? நீர் வீடு பார்க்க அனுப்பின ஆக்கள்தானே?"

"ஐயோ, நான் ஒருத்தரையும் அனுப்பலலா! ஆளே மாட்டல, வெட்கத்துல ஒங்களுக்குப் போன்கூட பண்ணல. இப்பத்தான் மொத ஆள கூட்டிட்டு வாரேன்!"

வரிசையில் நின்ற ஒரு பெண் அவனுடைய தோளைத் தட்டினாள். "அண்ணே, லைன்ல வாங்கலா. நாங்க சுங்கை சிப்புட்லேருந்து வந்து காத்துக்கிட்டு இருக்கோம். எங்கம்மாவுக்கு ஆண்ட்டி கடை வடைதான் வேணுமாம்."

ஆண்ட்டி கடை! ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்த சதாசிவத்தின் வீடு தேத்தண்ணிக் கடையாம். நம் பரம்பரையில் யாராவது காசுக்குத் தேத்தண்ணி ஊற்றியதுண்டா? உள்ளே போய் அத்தானுடைய படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இனி இந்த ஊரில் நான் இருக்க முடியாது. முதலாளி என்ன விலை கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீ அடுத்த சனிக்கிழமை லாரி பிடித்துக்கொண்டு வந்து என்னையும் கதிரையையும் ஏற்றிக்கொண்டு போ. உன் வீட்டில் ஒரு மூலை தந்தால் போதும்.

கிருஷாந்தி தீர்க்காயுசாக இருக்கட்டும். முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்.

மானம் போன உன் அக்கா,
அன்னபாக்கியம் சதாசிவம்

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன்பு லாரி முதலாளி மறுபடி வந்தார். நாம் சொன்ன விலையையே தருகிறாராம். இந்த முறை தேத்தண்ணிக்கு முன்பே காரியத்தைக் கேட்டேன். வீட்டை வாங்கி அவரும் கடைதான் வைக்கப் போகிறாராம். வடையை எங்கேயோ மொத்தமாக வாங்கி, ஐஸ்பெட்டியில் வைத்து, சூடாக்கிக் கொடுப்பாராம். என் வீட்டில், ஐஸ்பெட்டி வடை! கையைக் கழுவிவிட்டு வரிசையில் போய் நிற்கச் சொன்னேன். நின்றார். அத்தானுடைய படத்தைத் திருப்பி வைத்துவிட்டேன், அவரும் பார்க்கட்டும். கோப்பைக்குக் கீழே வைப்பதை இனித் திருப்பிக் கொடுப்பதாக இல்லை. கூரைக்காரன் செவ்வாய்க்கிழமை வருகிறான். சனிக்கிழமை லாரி கொண்டு வராதே, நிறுத்த இடம் இருக்காது. ஒரு மூட்டை உளுந்தும் கிருஷாந்தியும் போதும். திங்கட்கிழமை வாருங்கள். அன்று கடை பூட்டு.