முப்பத்தொன்பதாவது செக்ஷனும் வடக்கே சூலமும்

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். நீங்க படி தாண்டக் கூடாது மாப்ள" என்று சொல்லிவிட்டு, குருநாதன் மாப்பிள்ளையின் டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளை தமிழழகன் ஜான்சியில் ராணுவச் சிப்பாய். "லீவு முடிஞ்சிருச்சு மாமா. ராத்திரி அரியலூர்ல ரயிலைப் புடிச்சாகணும்" என்றான். குவார்ட்டர்ஸ் கிடைத்திருப்பதால் மகள் ஜெயசித்ராவும் கூடக் கிளம்பி நின்றாள்.

"ஜான்சிக்கு எதுக்குடி இந்த ஆவணி வெக்கையில மலைக்குப் போற மாதிரி ரெண்டு ஸ்வெட்டர்?" என்று அம்மா அம்சவள்ளி கேட்டாள்.

"வடக்குன்னாலே குளிருதான். உனக்கு என்ன தெரியும்?" என்று குருநாதன் அவளை அடக்கினார்.

செந்துறைக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் எழுத்தர். மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் டீக்கடை, மத்தியானம் சங்கம், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு என்று கூட்டிப்போய், "எப்படிச் சுடுவீங்க, காட்டுங்க மாப்ள" என்று நாலு பேர் நடுவில் குப்புறப் படுக்க வைத்துவிடுவார். அவனும் மரியாதைக்குப் படுப்பான்.

"புதனும் வடக்கே சூலம். வியாழக்கிழமை ஜம்முனு போங்க."

"சூலமெல்லாம் ஆர்மிக்குத் தெரியாது மாமா. ராணுவச் சட்டம், முப்பத்தொம்பதாவது செக்ஷன். லீவு முடிஞ்சு ஒரு நாள் லேட்டானாலும் குத்தம். கோர்ட் மார்ஷல்ல நிறுத்தி மூணு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளலாம்."

குருநாதன் பெட்டியை விட்டு எழுந்துவிட்டார். "ஒரே ஒரு நாளைக்கா?"

"ஒரு நாளைக்குத்தான். ஒளிஞ்சாலும் விட மாட்டாங்க. இந்த ஊரு போலீசுக்கே காயிதம் வரும், புடிச்சு ஒப்படைன்னு."

குருநாதனுக்குப் புல்லரித்தது. மூன்று நாள் மட்டம் போட்ட வாட்ச்மேனுக்குத் தன் கையாலேயே ஆஜர் போட்டவர் அவர். லட்சக்கணக்கான ஆட்களை ஒரே ஒரு புத்தகம் கட்டி மேய்க்கிறது! டெல்லியில் எழுதி வைத்த ஒரு வரி, செந்துறையில் இட்லி தின்றுகொண்டிருப்பவனின் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது! கோயில் சன்னிதியில்கூட அவர் அப்படிப் பயபக்தியோடு நின்றதில்லை.

ஆனால் சூலமும் சூலம்தானே? பெற்ற மகளையும் சேர்த்தல்லவா அனுப்ப வேண்டியிருக்கிறது. மெதுவாக நழுவி, தபால் ஆபீசுக்குப் போய், ஜான்சிக்கு ஒரு தந்தி அடித்துவிட்டு வந்தார்.

"கவலைய விடுங்க மாப்ள. 'மாமனார் கவலைக்கிடம், லீவு நீட்டிக்கவும்'னு உங்க பேர்ல தந்தி குடுத்துட்டேன்."

தமிழழகன் முகத்தில் ஈயாடவில்லை. "தந்தியா? எங்க ஆபீசருக்கா?"

"உங்க அப்பாவுக்குச் சீக்குன்னு எழுதலாம்னு பார்த்தேன். சம்பந்தி சண்டைக்கு வந்துருவாரு. அதான் என்னையே படுக்கப் போட்டுட்டேன்."

"கெடுத்தீங்களே மாமா! பொய்த் தந்தின்னு தெரிஞ்சா அதுக்குத் தனிச் செக்ஷன் இருக்கு. உடனே போய் இன்னொரு தந்தி குடுங்க, உடம்பு நல்லாயிருச்சுன்னு!"

"காலையில சாகக் கிடந்தவன் சாயங்காலமே எந்திரிச்சா ஆர்மி நம்புமா? போலீசு வந்து பார்த்தா?" குருநாதன் சட்டையைக் கழற்றினார். "அம்சவள்ளி, கட்டிலைப் போடு! அம்மாம் பெரிய சட்டத்துக்கு முன்னால நான் பொய்யனாக மாட்டேன்."

படுத்தே விட்டார். தபால் ஆபீசிலிருந்து சேதி பரவி, விடிவதற்குள் செந்துறையே திரண்டுவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் குவிந்தன. வந்தவர்கள் பார்க்கிறார்களே என்று அவருக்குக் கஞ்சி மட்டும் கொடுத்தார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனையில் கண்ணீர் விட்டார். அதைப் பார்த்துச் சங்கத் தலைவரும் அழுதார். கம்பவுண்டர் வந்து குளுகோஸ் ஏற்றினார்.

வியாழக்கிழமை சூலம் விலகியது. தமிழழகன் பெட்டியைத் தூக்கினான். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்த ஜெயசித்ராவின் சித்தி புஷ்பவல்லி வாசலை மறித்துக்கொண்டாள்.

"மாமனாரு இழுத்துக்கிட்டுக் கிடக்காரு. எங்க கிளம்பிட்டீங்க? நல்லாவா இருக்கு?"

அவன் பெட்டியை வைத்துவிட்டு ஜெயசித்ராவைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. குருநாதனோ கட்டிலில் கிடந்தபடி மாப்பிள்ளைக்குக் கைவிலங்கு மாட்டுவதாகக் கனவு கண்டு அலறினார். தன் வறட்டுப் பிடிவாதத்தால் ஒரு சிப்பாயின் வேலை போய், மகள் வாழ்க்கையும் நடுத்தெருவுக்கு வரப்போகிறதே என்று நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, தந்தி கொண்டுவரும் முருகையன் சைக்கிளை நிறுத்தினார். கூட்டம் விலகி வழிவிட்டது.

"ஜான்சியிலேருந்து வந்திருக்குங்க."

தமிழழகன் பாய்ந்தான். "குடுங்க, நான் படிச்சுக்கறேன்!"

"வேண்டாம் மாப்ள!" குருநாதன் குளுகோஸ் பாட்டிலோடு எழுந்து ஒரு சல்யூட் வைத்தார். "குத்தம் என்னுது. ஆர்மி என்ன தண்டனை குடுத்தாலும் நாலு பேரு முன்னால நின்னு கேட்டுக்கறேன். முருகையா, தமிழ்ல சத்தமா சொல்லு."

முருகையன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இங்கிலீஷை இரண்டு தரம் உள்ளுக்குள் படித்துப் பார்த்துவிட்டுத் தமிழழகனை நிமிர்ந்து பார்த்தார்.

"'உன் லீவு முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கு, அதுவரைக்கும் மாமனார் பக்கத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது, இது உத்தரவு'ன்னு போட்டிருக்குங்க."