சனிக்கிழமை விளக்கு

குணாளன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைய வேண்டும். அணையவில்லை.

"போன சனிக்கெழமையும் இதே மாதிரி," என்று முனகினான்.

செகண்ட்-ஹேண்ட் கார். வாங்கி இரண்டு வாரம்தான். பண்டார் தெங்காராவிலிருந்து கூலாய் கையுறைத் தொழிற்சாலைக்கு, காலை ஏழு மணி ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. சூப்பர்வைசர் அர்ச்சுனன் முன்பே சொல்லிவிட்டார்.

"நீ கான்ட்ராக்ட் ஆளு தம்பி. மாசக் கடைசியில நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறேன். மூணு தடவ லேட்டா வந்தா, வீட்டுலயே இருந்துக்கலாம்."

போன வாரம் ஒன்று முடிந்துவிட்டது.

கார்ப் பட்டறையில் போர்மேன் மனோகரன் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். "சைபர் ஒண்ணு ஒண்ணு மூணு. காத்து சென்சார் போச்சு."

"போன வாரம் வேற சொன்னீங்களேண்ணே?"

"போன வாரம் சைபர் நாலு ரெண்டு சைபர். அது புகை. இது காத்து. மெஷின் சொல்லுது லா, நானா சொல்றேன்?"

சென்சார் மாற்றி வேலைக்குப் போனபோது மணி எட்டரை. அர்ச்சுனன் இரண்டு விரலைக் காட்டினார்.

மாலையில், மனைவி கஸ்தூரி புது மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மாதாமாதம் கட்டும் கூட்டுப் பணம் எடுத்து வாங்கியதாம். காலையில் போனிலேயே கேட்டாள், இப்போதும் கேட்டாள்.

"போர்மேன் சொன்னது சைபர் ஒண்ணு ஒண்ணு மூணுதானே?"

"அது உனக்கு எதுக்கு?"

"எழுதி வச்சாதான் அவரு உங்கள ஏமாத்த மாட்டாரு."

காலண்டரில் குறித்துக்கொண்டாள். இப்படிப் பொறுப்பான மனைவி யாருக்குக் கிடைக்கும் என்று குணாளன் நினைத்தான்.

"சென்சாருமில்ல ஒண்ணுமில்லங்க. இது கண்ணு பட்டது," என்றாள் அவள். போன வெள்ளி மாதிரியே அடுத்த வெள்ளி மாலையும் காருக்குப் பூஜை நடந்தது. குணாளன் குளித்துவிட்டு வருவதற்குள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம், பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கே விபூதி.

அவன் பங்குக்கு அவனும் ஒன்று செய்தான். விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினான். எரிவது தெரியாவிட்டால் பட்டறைக்குப் போக வேண்டாம், லேட்டும் ஆகாது.

சனிக்கிழமை காலை விளக்கு தெரியவில்லை. செம்பனைத் தோட்டத்து நடுவில், ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் கார் செத்தது.

செம்பனைக் குலை ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

அர்ச்சுனன் திட்டவில்லை. "உன்னோட நிரந்தர லெட்டரு நேத்தே வந்துருச்சு தம்பி," என்றார். மேசையிலிருந்த தாளை இரண்டாகக் கிழித்தார். "இனிமே நீ வர வேணாம்."

காரைப் பட்டறைக்கு இழுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சொன்னான். கஸ்தூரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"போர்மேன் இன்னிக்கு என்னா நம்பர் சொன்னாரு?"

"சைபர் மூணு மூணு அஞ்சு," என்றான் வெறுப்போடு. "அந்தக் கார மொதல்ல தொலைக்கிறேன்."

பழைய இரும்புக் கடைக்காரன், வாங்கிய விலையில் பாதிகூடக் கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை குணாளன், வாழ்க்கையில் முதல்முறையாக, நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குள் நுழைந்தான். செத்த காரின் பிளேட் நம்பர் அடிக்கும் என்பார்கள். அந்தக் கார் கடைசியாக இந்த ஒரு நன்மையாவது செய்யட்டும்.

கவுண்டரில் பக்கத்துத் தெரு பிரவீனா. அவன் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தாள்.

"கார வித்துட்டீங்களாண்ணே?"

"வித்தாச்சு."

"ஐயோ பாவம் கஸ்தூரி அக்கா," என்றாள் பிரவீனா. "மொத நம்பர் அடிச்சு மிக்சி வாங்குனதுலேருந்து, வெள்ளிக்கெழம பூஜையில ஏதாச்சும் ஒரு ஒயர உருவி விட்டாத்தான் சனிக்கெழமைக்குப் புது நம்பர் கெடைக்குதுன்னு சொல்வாங்க, இனிமே எந்தக் காருக்குப் போவாங்க?"