மாதுளந்தோல் பொடியால் தள்ளிப்போன ஆபரேஷன்

மதிப்பிற்குரிய அம்சம் அத்தைக்கு, உங்கள் தம்பி வீரையன் மகள் இசைவாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலமில்லை. குடவாசலில் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

போனில் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள். நேரில் எனக்கு வாய் வராது. ஒன்பதாவதோடு நின்றாலும் எழுத வரும், எழுதுகிறேன்.

அத்தை, அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய். அறுத்து எடுக்க வேண்டுமென்றால் முதல்நாளே குடல் காலியாக வேண்டும். அதற்குத்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேதிக்கான பொடியை ஒரு குடம் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். அப்பாவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உப்புக் கஞ்சியில கஞ்சிய மட்டும் எடுத்துட்டாங்கடி" என்று முனகிக்கொண்டே குடித்தார். நான் மருந்துச் சீட்டோடு கீழே வரிசையில் நின்ற ஒரு மணி நேரத்தில், பார்க்க வந்த நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர் ஏழு தடவை கக்கூசுக்கு ஓடியதைப் பார்த்து, "ஐயோ, என் தம்பிக்கு வயித்தால போவுதே, இந்த நர்சுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"ன்னு வார்டே திரும்பிப் பார்க்க அழுதீங்களாம். போகத்தான் கொடுத்தாங்க அத்தை! அதோட விட்டீங்களா? சுருக்குப்பையில் இருந்த மாதுளந்தோல் பொடியைத் தயிரில் குழைச்சு ஊட்டி, அதுக்கு மேல ஒரு டப்பா தயிர்சோறும் கொடுத்து, "கட்டிடும்டா தம்பி"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டீங்க.

கட்டிடுச்சு.

காலையில டாக்டர், "சோறு தின்னுட்டு வந்து படுத்தா நான் எப்படி அறுக்கறது?"ன்னு திருப்பி அனுப்பிட்டார். ஈஸ்வரி நர்சு என்னைப் பிடிச்சு, "நீதானம்மா கூட இருக்கிறவ, என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"ன்னு கேட்டாங்க. என் கால் கட்டைவிரலைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். வேற என்ன செய்ய? அடுத்த வியாழக்கிழமை தேதி. இன்னொரு தடவை தள்ளினா கட்டி பரவிடும்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்களோ அதுக்குள்ள எங்க தெரு முழுக்கப் போன் போட்டு, ஆபரேஷன் முடிஞ்சா ஒரு மாசம் அசையாம படுக்கணும், நாட்டுக்கோழி அடிச்சுக் கொடுங்கன்னு சொல்லியிருக்கீங்க. மறுநாளே எழுப்பி நடக்க வைப்பாங்களாம். முதல்ல வெறும் தண்ணிதானாம். தெருவுல கொண்டாந்து கொடுத்த மூணு கோழி வாசல்ல கட்டிக் கிடக்குது, யாரு திங்கறது?

ஆகையால் தையல் பிரிக்கும் வரை தாங்கள் தஞ்சாவூர் பக்கமே வரக்கூடாது. கோபத்தில் எதையும் கூட்டி எழுதவில்லை, குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

தங்கள் பாதம் தொட்டு வணங்கும்,
இசைவாணி

பின்குறிப்பு: இதை அப்பா வாங்கிப் படித்தார். சிரித்தார். அப்புறம், "அக்கா வரலேன்னா நான் வரல, நீயே போய்ப் படுத்துக்க"ன்னு சொல்லிட்டு வயலுக்குக் கிளம்பிட்டார். கடிதத்தைக் கிழிக்க மனசில்லை, அவ்வளவும் உண்மை. ஆனா புதன்கிழமை காலையிலேயே வந்துடுங்க அத்தை. அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, அந்தக் கதவுக்கு வெளியே என்னால தனியா உட்கார முடியாது.