பீரங்கி சாரின் துப்பாக்கி ஸ்பானிஷ்

துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்க்காமலேயே பாதித் தென்னமெரிக்காவுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் உலகத்திலேயே எங்கள் பீரங்கி சார் ஒருவர்தான்.

திண்டிவனத்தில், வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கிய மல்லாட்டை மண்டிக்கு மேல்மாடியில் இருந்த மொழிபெயர்ப்பு ஆபீஸில் இருவரும் வேலை பார்த்தோம். நான் மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் காகிதங்களைத் தமிழாக்குவேன். புதுச்சேரியில் ஸ்பானிஷ் படித்த அவர், ராணுவ ஆயுதக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்குக் கொண்டுபோவார். கையெறி குண்டுக்கும் மாதுளம்பழத்துக்கும் அந்த மொழியில் ஒரே வார்த்தையாம். சாப்பாட்டு நேரத்தில் யார் மாதுளை உரித்தாலும், "தள்ளிப் போயி உரிம்மா" என்று நாற்காலியை நகர்த்திக்கொள்வார்.

செலவை மிச்சம் பிடிக்க, முதலாளி கம்ப்யூட்டரையே மொழிபெயர்க்க விட்டார். சரிபார்ப்பது மட்டும் பீரங்கி சார். தோட்டா அடைக்கும் மேகசினை அது வாரப் பத்திரிகையாக்கி, 'பத்திரிகையைத் துப்பாக்கிக்குள் சொருகவும்' என்று எழுதிவைத்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை, விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தவரை முதலாளி போனில் பிடித்தார். கையேடு அன்றே போயாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றார். பீரங்கி சார் பெட்டியே அதிரக் கத்தினார்.

"துப்பாக்கிய சேஃப்ல வைன்னா, வெடிக்காம லாக் பண்ணுன்னு அர்த்தங்க! உங்க கம்ப்யூட்டரு பணம் வெக்கிற இரும்புப் பெட்டியில வைன்னு எழுதிக்கினு இருக்குது! இன்னிக்கே அனுப்புனா எவனாவது செத்துருவான்!"

திண்டிவனத்தில் இறங்கியதும் ரயில்வே போலீஸ் அவரை அழைத்துப் போனது. தகவல் வந்து நான் ஓடினேன்.

"யாருங்க சாவப் போறது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

நான் விளக்கியதும் அவர் சிரித்துவிட்டார். தன் கைத்துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றிவிட்டு, "தொட்டுப் பாருங்க சார்" என்று நீட்டினார்.

பீரங்கி சார் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். "வேணாங்க! ஜல்தியா உள்ள வெச்சுருங்க."

"இவ்ளோ பயந்துக்கினு, மொதலாளிகிட்ட எதுக்கு சார் சண்ட?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எந்த ஊரு புள்ளயோ, நான் எழுதுனத நம்பித்தானே சார் இதக் கையில எடுக்கும்?"

சப்-இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

கையேட்டை வரிவரியாகத் திருத்திய பிறகுதான் பீரங்கி சார் அனுப்பினார். அது மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. முதலாளி வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை. மண்டி மாடியில் ஸ்பானிஷ் தெரிந்த இன்னொருவரை எங்கே தேடுவார்?

இப்போதெல்லாம் தீபாவளியன்று நான் விழுப்புரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விடுகிறேன். வெடிச் சத்தம் ஓயும்வரை, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, டிவியை அலறவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.