நிமிர்ந்து நின்ற சைலன்சர்

ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள் அன்று காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, சிவனாண்டி ஒரு மாபெரும் முடிவெடுத்தார். சாவதற்குள் தமிழ்வாணியைக் கேட்காமல் ஒரே ஒரு காரியமாவது செய்துவிட வேண்டும்.

ஆனையூரில் அவருடைய வீட்டில் அவர் இஷ்டத்துக்கு வாங்கிய பொருள் என்று ஒன்றுமில்லை. சட்டை மனைவி எடுத்தது. ஸ்கூட்டர் மனைவி சொன்ன நிறம். மீசைகூட மனைவி அனுமதித்த அளவுதான். அரசு அலுவலகம் ஒன்றில் அவர் கண்காணிப்பாளர். பகலில் பதினோரு பேரைக் கண்காணித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கண்காணிப்பில் இருந்தார்.

இருபத்தாறு வருடத்தில் மனைவியை அவர் ஜெயித்தது ஒரே விஷயத்தில். தமிழ்வாணி காய்ச்சும் பருத்திப்பாலுக்கு அந்தத் தெருவே அடிமை. சாயங்காலத்தில் ஒரு வண்டி போட்டு விற்கட்டுமா என்று அவள் பத்து வருடமாகக் கேட்டாள். "சூப்பரண்டு பொண்டாட்டி ரோட்டுல நின்னு பால் ஆத்துனா ஆபீஸ்ல என் மரியாதை என்னத்துக்கு ஆகுறது?" என்று அவர் பத்து வருடமாக மறுத்தார். கடைசியில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். தமிழ்வாணி பேச்சை நிறுத்தினால் விஷயம் முடிந்துவிட்டது என்று அவர் நம்பினார். பதினோரு பேரைக் கண்காணிக்கிறவருக்கு விவரம் அவ்வளவுதான்.

முடிவெடுத்தாயிற்று. காரியம் எது? அதைச் செல்போன் காட்டியது. அமெரிக்காவில் ஆட்கள் பழைய பிக்கப் வண்டியை வாங்குகிறார்கள். கூரையை அறுத்துக் குட்டையாக்குகிறார்கள். வண்டியைத் தரையோடு இறக்குகிறார்கள். பக்கவாட்டில் தீ எரிவதுபோல் பெயின்ட் அடித்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி உறுமிக்கொண்டு போகிறார்கள். அதற்கு ஹாட் ராட் என்று பெயர். சிவனாண்டியை இதுவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அவருக்கு அந்த வண்டி வேண்டும். அதில் அவர் மட்டும் உட்கார வேண்டும்.

அழகர்கோவில் போகிற வழியில், ஒரு மாந்தோப்புக்குள், ஐம்பத்தாறாம் வருட மாடல் பிக்கப் ஒன்று கிடந்தது. நாகமலை புதுக்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் விருமாண்டியைக் கூட்டிப் போய்க் காட்டினார். விருமாண்டி பானெட்டைத் தூக்கினான். உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்காரி உள்ளதான் இருக்காண்ணே. காலி பண்ணுவாளான்னு கேட்டுட்டு வாங்குங்க."

"விளையாடாத. கூரையை அறுத்து ஒரு அடி இறக்கணும்."

"ஊரு ஒலகத்துல கூரையை ஒசத்துவாய்ங்கண்ணே."

"வண்டி தரையோட படுத்தாப்ல போகணும்."

"நம்ம ரோட்டுல படுத்தேதான்ணே கெடக்கும். போகாது."

"சைடுல தீ எரியிற மாதிரி பெயின்ட்டு."

"எவனாச்சும் தண்ணிய ஊத்தி அணைச்சிருவான்ணே."

ஆனாலும் வேலைக்கு ஒத்துக்கொண்டான். வந்த சிக்கல் ஒன்றே ஒன்றுதான். சிவனாண்டி தன் பெயரில் வண்டி வாங்கினால் ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் பதினோரு பேருக்கும் தெரியும், சாயங்காலத்துக்குள் தமிழ்வாணிக்குத் தெரியும். ஆகவே ஆபீஸ் ஆட்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார். மனைவி பெயரில் வாங்கினார்.

"வாணி, இதுல மூணு கையெழுத்துப் போடு."

"என்னங்க இது?"

"கேஸ் கனெக்சனுக்குக் கேக்குறாய்ங்க."

தமிழ்வாணி தாளை ஒரு பார்வை பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மூன்று இடத்திலும் நிதானமாகப் போட்டாள்.

"படிச்சுப் பாக்கலையா?"

"நீங்க சொன்னாப் போதாதாங்க?"

அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. தெருமுனை தாண்டுவதற்குள் சரியாகிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "நாகமலைப் பக்கம் நடந்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். திரும்பும்போது முழங்கை வரை கிரீஸ் இருக்கும். தமிழ்வாணி ஒன்றும் கேட்காமல் சோப்பை எடுத்து நீட்டினாள். அவளை ஏமாற்றுவது இம்புட்டுச் சுலபமா, முதலிலேயே தெரியாமல் போயிற்றே என்று அவர் வருத்தப்பட்டார்.

வண்டி வளர்ந்தது. எஞ்சின் உறுமியது. மூக்கு முழுக்கச் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் தீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது, டிரைவர் அறைக்குப் பின்னால் பளபளவென்று ஆறடிக் குழாய் ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது. இதை அவர் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கப் படங்களில் இப்படி நிமிர்ந்து நிற்கிற சைலன்சரைப் பார்த்திருக்கிறார்.

"விருமாண்டி! உனக்கு எப்பிடிப்பா இது தோணுச்சு?"

"ஓனருக்குப் பிடிச்சாச் சரிண்ணே."

அடுத்த வாரம் பின்பக்க மேடையில் வட்டமாக ஓர் ஓட்டை.

"ஸ்பீக்கருக்கா? பெருசா இருக்கே."

"பெருசாத்தாண்ணே வைக்கணும்."

அதற்கடுத்த வாரம் பின்பக்கத்தை மூடிக் கூண்டு கட்டி, ஒரு பக்கத் தகடு கதவுபோல் கீழே மடங்கியது.

"வண்டிக் கண்காட்சியில தெறந்து காட்டுறதுக்கு. அப்பிடித்தானே?"

"தெறந்து வச்சாத்தாண்ணே நாலு பேரு வருவாய்ங்க."

ஆர்.சி. கார்டுதான் இன்னும் வரவில்லை. அரசாங்க வேலை தாமதமாகத்தான் நடக்கும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? கார்டு உரிமையாளர் பெயருக்குத் தபாலில்தான் வரும் என்பது மட்டும் தெரியவில்லை.

வண்டி தயாரானதும் மனைவியிடம் சொல்ல இடம் பார்த்தார். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில்தான் புது வண்டிக்குப் பூஜை. கருப்பன் குடியிருக்கும் அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். தமிழ்வாணி திட்டினாலும் மெதுவாகத்தான் திட்ட முடியும்.

அன்றைக்கு அதிகாலையிலேயே அவள் பருத்திக்கொட்டையை அரைத்துக்கொண்டிருந்தாள். "கோயிலுக்குங்க" என்றாள். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது பின்வாசல் பக்கம் ஏதோ லாரி உறுமியது. நம்ம வண்டி இதைவிடக் கம்பீரமாக உறுமும் என்று நினைத்தபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

இருவரும் பஸ்ஸில் போய் இறங்கியபோது, சொன்னபடியே விருமாண்டி கொண்டுவந்த வண்டி கருப்பன் வாசலுக்கு எதிரே நின்றது. சுற்றிலும் கூட்டம். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். சிவனாண்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்கூடக் கலங்கியது.

"வாணி, ஒண்ணு சொல்லுவேன். கோவிக்கக் கூடாது."

"கருப்பன் வாசல்ல கோவிப்பாங்களா? பொய்யும் சொல்லக் கூடாதுங்க. அது யாரு வண்டி?"

'என்' என்பது வரை வாய் வந்துவிட்டது. அவர் கதவைப் பார்த்தார். வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எல்லாவற்றுக்கும் ஆட்கள் வந்து சத்தியம் செய்கிற கதவு. அங்கே பொய் சொல்ல மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எவனுக்கும் துணிச்சல் வந்ததில்லை. அவருக்கா வரும்?

"உன் பேர்லதான்... இருக்கு."

"பேர்ல இருக்கா, என்னோடதா? கதவைப் பாத்துச் சொல்லுங்க."

"உன்னோடதுதான்."

"அம்புட்டுத்தான்" என்று பையிலிருந்து ஆர்.சி. கார்டை எடுத்துக் குங்குமம் வைத்தாள். "தபால்காரரு கொண்டாந்து மூணு மாசமாச்சு. அன்னைக்கே உங்க சட்டைப் பையில விருமாண்டி பில்லைப் பாத்துப் பட்டறைக்குப் போயிட்டேன்."

"மதினி, தெறக்கவா?" என்றான் விருமாண்டி.

பக்கவாட்டுத் தகடு மடங்கிப் பலகையாக நின்றது. வட்ட ஓட்டையில் ஒரு பெரிய செப்புப் பானை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதற்கடியில் அடுப்பு. ஆறடிச் சைலன்சர் வழியாகச் சுக்கும் கருப்பட்டியும் மணக்க ஆவி போனது. உள்ளே பெயர்ப்பலகையில் 'தமிழ்வாணி பருத்திப்பால்' என்று தீ எழுத்தில் எழுதியிருந்தது. போட்டோ எடுத்த கூட்டம் அப்படியே வரிசையாக மாறியது.

"டேய் விருமாண்டி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"ஓனரு சொல்ல வேணாம்னாங்கண்ணே."

"கேஸ் கனெக்சனுக்குன்னுதானே கையெழுத்து வாங்குனீங்க?" என்றாள் தமிழ்வாணி. "கருப்பன் முன்னாடி உங்க வாக்கு பொய்யாயிரக் கூடாதுல்ல. சிலிண்டரும் மாட்டியாச்சு."

சிவனாண்டி கடைசி ஆயுதத்தை எடுத்தார். "வாணி, நான் சூப்பரண்டு. எங்க ஆபீஸ் ஆளுக யாராச்சும் வந்தா? கடையில நான் எப்பிடி நிக்கிறது?"

"உங்களை யாருங்க நிக்கச் சொன்னா? ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ராஜா மாதிரி உக்காருங்க" என்ற தமிழ்வாணி, கரண்டியை எடுத்தபடி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "விருமாண்டி, மொத டம்ளர டிரைவருக்குக் குடுப்பா."